பாட்டிகள் தாங்கிய வங்கி வேலை

நாளிதழ்களின் காலமானார் அறிவிப்புகளில் சில ஆண்டுகளாக ஒரு வகைப் பெண்மணியை அடிக்கடி பார்க்க முடிகிறது. எழுபதைக் கடந்தவர். பெயருக்குக் கீழே ‘வங்கி ஊழியர், ஓய்வு’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே மகன், மருமகள், மகள், மருமகன், பேரன் பேத்திகள். பேரப்பிள்ளைகளிடம் உயிராக இருந்தார் என்று நினைவஞ்சலியில் எழுதுவார்கள்; முப்பத்தைந்து வருடம் வங்கியில் உழைத்தார் என்றும் எழுதுவார்கள். முதலாவது அவருடைய மனம் பற்றிய செய்தி போலவும் இரண்டாவது பிழைப்பு பற்றிய செய்தி போலவும் தனித்தனியாக நிற்கும். இரண்டும் ஒரே வரலாறு என்பது என் வாதம். தமிழ்நாட்டில் பெண்கள் வங்கி வேலைக்குப் போய் அங்கே நிலைத்ததற்கு வீட்டில் இருந்த பாட்டி ஒரு முக்கியமான காரணம். அப்படி நிலைத்தவர்கள் ஓய்வு பெற்ற பின் தாங்களே பாட்டியாகி அடுத்த தலைமுறைப் பெண்களை வேலைக்கு அனுப்பினார்கள். வங்கிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தேசியமயத்தையும் கிளை விரிவாக்கத்தையும் கணினியையும் எழுதுகிறார்கள். இந்தப் பெண்களின் கைமாற்றத்தை எழுதுவதில்லை.

முதலில் பழைய நிலையைப் பார்க்க வேண்டும். 1906-இல் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி சென்னையில் பல குடும்பங்களின் சேமிப்பு கரைந்தது. அதன் எதிரொலியாக மறு ஆண்டே இந்தியன் வங்கி பிறந்தது. 1916-இல் கரூர் வைசியா வங்கி வந்தது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி, பின்னாளைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, வந்தது. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. ஊர்ப் பணம், சமூக நம்பிக்கை, தெரிந்தவர் சிபாரிசு ஆகியவற்றின் மேல் எழுந்த நிறுவனங்கள் இவை. தெரிந்தவர் வீட்டுப் பையன் கிளார்க்காகச் சேர்ந்து ஏஜென்டாக, அதாவது கிளை மேலாளராக, ஓய்வு பெறுவான். பெண் அந்தக் கணக்கில் இல்லை. சிண்டிகேட் வங்கி 1962-இல் பெங்களூரு சேஷாத்ரிபுரத்தில் முழுக்கப் பெண்களே நடத்தும் கிளையைத் திறந்தது பெரிய செய்தியாகப் பேசப்பட்டதற்கு அதுவே காரணம்.

அந்தக் காலத்து முதலாளிகள் பெண்ணின் வேலையையும் கல்யாணத்தையும் ஒன்றுக்கொன்று பகையாகவே பார்த்தார்கள். பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனி, கல்யாணமானால் பெண் ஊழியர் வேலையை விட வேண்டும் என்று விதி வைத்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அந்த விதி நியாயமற்றது என்று 1965-இல் தீர்ப்பானது. வெளியுறவுப் பணியில் இருந்த இதே போன்ற விதிகளை, அந்தப் பணியின் அதிகாரி முத்தம்மா தொடுத்த வழக்கில் நீதிமன்றம் கண்டித்தது 1979-இல்தான். கல்யாணமான பெண் அடிக்கடி வரமாட்டாள் என்பதுதான் கம்பெனிகள் சொன்ன காரணம். அநியாயமான விதிக்குள் ஓர் உண்மையும் இருந்தது: வீட்டு வேலையும் குழந்தையும் ஒரு பெண்ணின் முழு நாளைக் கேட்பவை, வேறு யாராவது அதை ஏற்றுக்கொண்டால்தான் அவள் வெளியே போக முடியும். அந்த ‘வேறு யாராவது’ யார் என்று அன்றும் யாரும் கேட்கவில்லை.

1969 ஜூலை 19 அன்று பதினான்கு வங்கிகள் அரசுடைமையாயின. இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவற்றில் சேர்த்தி. 1980-இல் இன்னும் ஆறு. 1969-இல் நாடு முழுவதும் 8,262 வங்கிக் கிளைகள் இருந்தன. 1991-இல் 60,000-ஐத் தாண்டின. இத்தனை கிளைகளுக்கும் ஆள் வேண்டும். சிபாரிசு போய்த் தேர்வு வந்தது. எழுபதுகளின் இறுதியில் வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்கள் அமைந்த பிறகு, தாலுகா ஊரில் இருக்கும் ஒரு பெண் விண்ணப்பம் வாங்கி நிரப்பி, மையத்துக்குப் போய் எழுதி, பட்டியலில் தன் எண்ணைத் தேடலாம் என்றாயிற்று. இங்கே அதற்குத் தயாரான பெண்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ராணி மேரி, எத்திராஜ், திருச்சி ஹோலி கிராஸ், மதுரை லேடி டோக் என்று பெண்கள் கல்லூரிகள் பட்டதாரிகளை அனுப்பிக்கொண்டிருந்தன. தெருவுக்குத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். லோயர், ஹையர் பாஸ் செய்த பெண்கள் ஏராளம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான இடஒதுக்கீடும் அரசு வங்கிகளில் நடைமுறைக்கு வந்தது. சம்பளமோ சாஸ்திரி, தேசாய் தீர்ப்பாயங்களும் 1966-இன் இருதரப்பு ஒப்பந்தமும் வகுத்தது. ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்று விகிதம் கிடையாது. சம ஊதியச் சட்டம் 1976-இல் வருவதற்கு முன்பே வங்கி கிளார்க் பெண் பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சமமாகக் கையெழுத்திட்டுச் சம்பளம் வாங்கினாள். அன்றைய தமிழ்நாட்டில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் வேலை எளிதானதல்ல. காலையில் கவுன்ட்டரில் பித்தளை டோக்கன், செலான், கூட்டம். பொதுமக்கள் போன பிறகுதான் பாதி வேலை ஆரம்பம். அன்றைய ஒவ்வொரு வரவையும் பற்றையும் லெட்ஜரில் ஏற்றி, கூட்டி, பொதுக்கணக்கோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் அது கிடைக்கும் வரை எழுந்திருக்க முடியாது. எண்கள் இடம் மாறியிருக்கலாம், ஒரு செலான் வேறு லெட்ஜரில் ஏறியிருக்கலாம். பக்கம் பக்கமாகத் தேடியாக வேண்டும். சேமிப்புக் கணக்கின் வட்டிக்கு மாதத்தின் பத்தாம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த குறைந்தபட்ச இருப்பைக் கண்ணால் பார்த்து எடுத்து, ஆறு மாதத்துக்குக் கூட்டிப் போட வேண்டும். ஆயிரக்கணக்கான கணக்குகளுக்கு, கையால். ஜூன் 30-உம் டிசம்பர் 31-உம் க்ளோசிங். எண்பதுகளின் இறுதியில் வங்கிகளின் கணக்காண்டு மார்ச் 31-க்கு மாறும் வரை, ஆண்டின் கடைசி இரவு வங்கிக் குடும்பங்களுக்குக் கணக்கு முடிக்கும் இரவுதான். இரவு ஒன்பது, பத்து மணிக்கு வீடு திரும்பும் ஓர் இளம் தாயின் கைக்குழந்தை அதுவரை எங்கே இருந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் நடுக்கேள்வி.

அந்தத் தலைமுறை பிள்ளை பெற்ற காலத்தில் மகப்பேறு நலச் சட்டம் வகுத்திருந்த விடுப்பு 12 வாரம். குழந்தைக்குத் தலை நிற்க ஆரம்பிக்கும் சமயத்தில் அம்மா லெட்ஜருக்குத் திரும்ப வேண்டும். கிளையில் குழந்தைகள் காப்பகம் கிடையாது. ஆலைகளுக்கும் தோட்டங்களுக்கும் தொட்டில் அறையைச் சட்டம் கட்டாயமாக்கியிருந்தது. பத்து இருபது பேர் வேலை பார்க்கும் வங்கிக் கிளை அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றைய வீட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கேஸ் இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம். மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வரிசை. தண்ணீர் வரும் நேரம் குழாய்க்குத் தெரியும், வீட்டாருக்குத் தெரியாது. அரிசி புடைப்பதும் மாவு அரைப்பதும் பெரும்பாலான வீடுகளில் கையால். கணவர் பகிர்ந்துகொண்டாரா? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டு வேலைக்கு அதைச் செய்கிற பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிந்தது. மிக்ஸியும் கேஸும் வந்து, மனங்கள் கொஞ்சம் மாறிய பிறகும் இவ்வளவு இடைவெளி என்றால், 1975-இல் அது இதைவிடச் சிறிதாக இருந்திருக்க வழியில்லை. வேலைக்காரம்மா பாத்திரம் தேய்ப்பார், துணி துவைப்பார். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை நாள் முழுக்க மடியில் வைத்திருக்க மாட்டார். மீதமிருப்பது ஒருவர்தான். அம்மாவோ மாமியாரோ, பெரும்பாலும் கணவரை இழந்தவர், மகள் வீட்டுக்கோ மகன் வீட்டுக்கோ வந்து தங்கிய அந்தப் பாட்டி.

இதற்கு வங்கியின் உள்ளேயே ஒரு சான்று இருக்கிறது: பதவி உயர்வு. கிளார்க்கிலிருந்து ஆபீசர் ஆனால் வெளியூர் டிரான்ஸ்பர் நிச்சயம். கிராமக் கிளையில் சில ஆண்டுகள் இருந்தாக வேண்டும். அந்தத் தலைமுறைப் பெண்களில் பலர் தகுதி இருந்தும் பதவி உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு முப்பது ஆண்டுகளும் கிளார்க்காகவே இருந்தார்கள். பெண்களுக்கு மேலே போகும் ஆசை இல்லை, பொறுப்புக்குப் பயப்படுகிறார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்லப்பட்டதுண்டு. அது தவறான விளக்கம். இரவு பத்து மணி வரை வித்தியாசம் தேடத் தயங்காதவருக்குப் பொறுப்பு என்ன புதிது? சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. டிரான்ஸ்பர் உத்தரவு ஊழியரை இடம் மாற்றும், பாட்டியை மாற்றாது. வயதானவருக்கு அவருடைய டாக்டர், கோயில், அடுத்த தெருவில் இன்னொரு மகன் என்று வேர் பிடித்த வாழ்க்கை இருந்தது. அவரை விட்டுவிட்டுப் போனால் குழந்தைகளைப் பார்க்க ஆளில்லை. கூட்டிக்கொண்டு போனால் அவர் வாடிவிடுவார். ஆகவே பெண் தங்கினாள், கூட வேலை பார்த்த ஆண் மேலாளராகித் திரும்பி வந்தார். ரஞ்சனா குமார் 2000-இல் இந்தியன் வங்கியின் தலைவரானபோது, அரசுடைமை வங்கி ஒன்றுக்கு ஒரு பெண் தலைவரானது அதுவே முதல்முறை. தேசியமயமாகி முப்பத்தோரு ஆண்டுகள் கழித்து. 1955-இல் உருவான ஸ்டேட் வங்கிக்கு முதல் பெண் தலைவராக அருந்ததி பட்டாச்சார்யா வந்தது 2013-இல். குழந்தையையோ முதியவரையோ கவனிக்கப் பெண் ஊழியர்கள் இரண்டு ஆண்டு வரை விடுப்பில் இருக்கலாம் என்ற திட்டம் அவர் காலத்தில் வந்தது தற்செயல் அல்ல. எங்கே கட்டு விழுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது மதிக்கத்தக்கது. பேரனைத் தூக்கி வளர்த்ததைப் போய் உழைப்புக் கணக்கில் சேர்க்கலாமா, அது பாசமல்லவா என்பார்கள். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் பாசத்தோடு செய்ததால் வேலை வேலை இல்லாமல் போய்விடாது. வாடிக்கையாளரிடம் கனிவாக இருந்த கேஷியருக்கு அந்தக் கனிவுக்காகச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தப் பாட்டிக்கு மறுக்கும் வழி மிகக் குறைவு. சொந்த வருமானம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, பெரும்பாலும் சொத்தும் இல்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியதே 1989-இல். மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருந்துதான் ஆக வேண்டிய ஒருவர், அங்கே தன் இருப்புக்குப் பதிலாகத் தன் உழைப்பைத் தந்தார். முழங்கால் வலியோடு, கண்புரையோடு, காலையில் பள்ளிக்கு அனுப்பி மாலையில் அழைத்து வந்து சோறூட்டினார். பாசத்தைப் போற்றுவதானால் இந்த வலியையும் சேர்த்தே போற்ற வேண்டும். வங்கி கிளார்க்கின் சம்பளம் அவருடைய மருந்துக்கும் கண் ஆபரேஷனுக்கும் திரும்பி வந்தது என்பதும் உண்மைதான். அது ஈடாகிவிட்டது என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

வங்கிப் பெண்கள் ஒரு சிறு கூட்டம், படித்த, நகரத்து, பெரும்பாலும் மேல்சாதிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், அவர்கள் கதையை ஊர்க் கதையாக்கலாமா என்பது இன்னொரு மறுப்பு. தொடக்க ஆண்டுகளைப் பொறுத்தவரை அதில் பெருமளவு நியாயம் இருக்கிறது. ஆனால் கவுன்ட்டரோடு கிளை முடிந்துவிடவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து கிளையைப் பெருக்கிய பகுதிநேரப் பணியாளர்களில் பெண்கள் நிறைய. வாரத்தில் எத்தனை மணி நேரம் என்பதைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கு, பாதி, முக்கால் என்று அவர்களுக்கும் ஒப்பந்தப்படி ஊதிய விகிதம் இருந்தது. கணவர் பணியில் இறந்ததால் கருணை அடிப்படையில் சேர்ந்த பெண்கள் இருந்தார்கள். இடஒதுக்கீட்டில் வந்து, தன் வீட்டில் முதன்முதலாகச் சம்பளம் வாங்கிய பெண்கள் இருந்தார்கள். இவர்களில் பலருடைய வீடுகளைப் பார்த்தால் என் வாதம் இன்னும் கூர்மையாகிறது. பாட்டியும் வயல் கூலிக்கோ கட்டட வேலைக்கோ போன வீட்டில் குழந்தையைப் பார்க்க ஆளில்லை. அந்தப் பாரம் மூத்த பெண் குழந்தையின் இடுப்பில் ஏறியது, அவளுடைய பள்ளிக்கூடம் நின்றது. ஒரே கிளை, ஒரே முத்திரைச் சீட்டு. ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்க ஒரு பாட்டி உண்டா இல்லையா என்பது ஒருவருடைய பிள்ளைகளை எங்கேயோ கொண்டுபோய், இன்னொருவருடைய பிள்ளையை நிறுத்திவிட்டது. பாட்டி இருப்பதே ஒரு சொத்து. அந்தச் சொத்தும் சமமாகப் பங்கிடப்படவில்லை.

தொண்ணூறுகளில் காட்சி மாறியது. வங்கிகளின் கணினிமயத்தை ஆராய்ந்த ரங்கராஜன் குழுக்களின் பரிந்துரைகளுக்குப் பின் லெட்ஜர் மெஷின் வந்தது, பிறகு கணினி வந்தது. 1993-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் வழியே வங்கி ஊழியருக்கு ஓய்வூதியம் உறுதியானது; 1995-இல் விதிமுறைகள் வந்தன. 2000-2001-இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். பதினைந்து ஆண்டு பணி முடித்தவரோ நாற்பது வயதானவரோ போகலாம் என்பது விதி. எழுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்த பெண்ணுக்கு அப்போது ஐம்பது வயதுக்குப் பக்கம். மகளுக்குக் கல்யாணமாகி, முதல் பிரசவம் நெருங்கும் வயது. தன்னைத் தாங்கிய மாமியார் படுக்கையில் விழும் வயதும் அதுவே. இந்த விருப்ப ஓய்வு கணினிக்குப் பயந்தவர்களின் ஓட்டம் என்று பேசப்பட்டது. பெண்களைப் பொறுத்தவரை, அந்தத் திட்டம் வந்த வயதும் வீட்டுத் தேவை உச்சத்தில் இருந்த வயதும் ஒன்றாக அமைந்ததைக் கணக்கில் எடுக்காமல் அந்த முடிவை விளக்க முடியாது.

இப்படி உருவானவர்தான் நினைவஞ்சலியில் நாம் பார்க்கும் பாட்டி. அவர் தன் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தார், ஆனால் அம்மாவைப் போல அல்ல. மாதம் பிறந்தால் தன் பெயரில் ஓய்வூதியம் வரவாகிறது. தன் காசோலையில் தானே கையெழுத்துப் போடுகிறார். வீட்டாரின் வைப்புத்தொகை எப்போது முதிர்கிறது, நாமினி யார், நகைக்கடன் எந்தத் தேதியில் மீட்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. மகள் சோழிங்கநல்லூரில் மென்பொருள் நிறுவனத்துக்குப் போகிறாள். பேத்தியை இவர் பார்க்கிறார். மகன் நியூ ஜெர்சியில்; பிரசவத்துக்கு ஆறு மாத விசாவில் போய்ப் பத்திய சாப்பாடு சமைத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, குளிரில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார். தமிழ்நாட்டின் தகவல் தொழில்நுட்பப் பெருக்கத்தைப் பற்றிப் பேசும்போது பொறியியல் கல்லூரிகளைச் சொல்கிறோம், பழைய மகாபலிபுரம் சாலையைச் சொல்கிறோம். ஓய்வு பெற்ற வங்கி ஊழியரும் ஆசிரியையும் தொலைபேசி ஆபரேட்டரும் தந்த பகல்நேரங்களையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு ஒத்துப்போகும்.

பாட்டி வளர்ப்புக்கு ஈடேது, காப்பகம் எதற்கு என்பவர்களும் உண்டு. பாட்டியிடம் கதை கேட்டு வளர்வது குழந்தைக்கு வரம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வரத்தை ஏற்பாடாக நம்பி ஒரு தொழிலையே நடத்துவது சரியல்ல. இனி அந்த ஏற்பாடு நிற்கவும் போவதில்லை. பிள்ளைப்பேறு தள்ளிப்போவதால் பாட்டியின் வயது கூடுகிறது. இன்று வங்கி ஊழியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பெண். அவர்களில் பலர் சொந்த ஊரை விட்டு வேறு மாநிலத்தில் பணியில் இருக்கிறார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு உறுதியான பழைய ஓய்வூதியம் கிடையாது, புதிய திட்டம்தான். அவர்கள் பாட்டியாகும்போது எந்தப் பலத்தில் வீட்டில் உட்காருவார்கள்? நிறுவனங்களின் மனமும் முழுக்க மாறிவிடவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் கருவுற்ற பெண்ணைத் தற்காலிகமாகத் தகுதியற்றவர் என்று சொல்லிச் சேரவிடாத சுற்றறிக்கையை ஸ்டேட் வங்கி 2022 ஜனவரியில் எதிர்ப்புக்குப் பின்தான் கைவிட்டது.

2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமாக்கினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றார்கள். நம் ஊர்க் கிளைகளில் பெரும்பாலானவற்றில் 50 பேர் இல்லை. ஆனால் பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்த அந்தத் திருத்தமே இடம் கொடுத்தது. கும்பகோணத்திலும் காரைக்குடியிலும் ஈரோட்டிலும் நாலைந்து வங்கிகளின் கிளைகள் ஒரே கடைவீதியில் நிற்கின்றன. ஊருக்கொரு காப்பகத்தை வங்கிகள் கூட்டாகத் திறக்கட்டும். ஊதிய ஒப்பந்தப் பேச்சில் டி.ஏ.வுக்கும் ஐந்து நாள் வாரத்துக்கும் உட்காரும் சங்கங்கள் இதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். அந்தக் காப்பகங்கள் எப்படி நடக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள, இரண்டு வேலையையும் பார்த்து முடித்த பெண்கள் ஒவ்வோர் ஊரிலும் இன்னும் இருக்கிறார்கள். முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள்.